லம்போர்கினி பிறந்தது ரோஷத்திலா?

கேள்வி: டிராக்டர் செய்துகொண்டிருந்த ஃபெருச்சியோ லம்போர்கினி தன் ஃபெராரி காரின் குறையைச் சொல்லப் போனாராம். என்ஸோ ஃபெராரி அவரை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டாராம். அந்த ரோஷத்தில்தான் லம்போர்கினி கார் கம்பெனி பிறந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அப்படி ஒரு வாக்குவாதம் நடந்திருக்கலாம். ஃபெருச்சியோவே பிற்காலத்துப் பேட்டிகளில் அதைச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இருந்த ஃபெராரியில் கிளட்ச் அடிக்கடி நழுவியது. தன் தொழிற்சாலை மெக்கானிக்கை விட்டுக் கழற்றிப் பார்த்தபோது, தன் டிராக்டரில் போடும் கிளட்சும் அதுவும் ஒரே வகை என்று தெரிந்தது. அதைச் சொல்லப் போனவரிடம், உமக்கு டிராக்டர்தான் ஓட்டத் தெரியும், ஃபெராரி ஓட்டத் தெரியாது என்கிற பாணியில் என்ஸோ பதில் சொன்னாராம். கேட்கக் கேட்க இனிக்கும் கதை. ஆனால் ஒரு கம்பெனி ஏன் பிறந்தது என்ற கேள்விக்கு இந்தக் கதை பதிலாகாது. உலகத்தில் பணக்காரர்கள் பலர் கடைக்காரர்களிடம் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரால் ஒரே வருடத்தில் 12 சிலிண்டர் எஞ்சினோடு திரும்பி வர முடிந்தது? கோபம் எதற்கு என்பதை விட்டுவிட்டு, அந்த எஞ்சின் எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்டால் விடை வேறு இடத்தில் கிடைக்கிறது.

முதலில் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1916இல் வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில், ரெனாஸோ என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் ஃபெருச்சியோ. நிலத்தைவிட இயந்திரத்தில்தான் நாட்டம். இரண்டாம் உலகப் போரின்போது ரோட்ஸ் தீவில் இத்தாலிய விமானப்படையின் வண்டிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். அங்கே பிரிட்டிஷ்காரர்களிடம் கைதியாகி, பிறகு ஊர் திரும்பினார். போர் முடிந்த இத்தாலியில் உழுவதற்கு டிராக்டர் இல்லை. இருந்தாலும் வாங்க விவசாயியிடம் காசு இல்லை. இன்னொரு பக்கம், ராணுவம் விட்டுச்சென்ற லாரிகளும் எஞ்சின்களும் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. அந்த எஞ்சின்கள் பெட்ரோலைக் குடிப்பவை. பெட்ரோலோ விலை அதிகம். ஃபெருச்சியோ செய்த உபாயம் இதுதான்: எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்புவது, சூடேறியதும் மலிவான எண்ணெய்க்கு மாற்றிவிடுவது. அந்த எண்ணெயை ஆவியாக்கி எஞ்சினுக்குள் அனுப்ப ஒரு சாதனத்தைத் தானே வடிவமைத்தார். 1948இல் டிராக்டர் கம்பெனி தொடங்கியது. 1960 வாக்கில் எண்ணெய் பர்னர் தொழிலும் சேர்ந்துகொண்டது. ஆக, 1963இல் கார் செய்ய வந்தவர் ரோஷக்காரர் மட்டுமல்ல. எந்த உதிரிபாகத்துக்கு என்ன விலை, யாரிடம் என்ன குறை என்று கணக்குப் பார்த்தே வளர்ந்த தொழிலதிபர் அவர்.

பணம் மட்டும் போதாதே, ஆட்கள் வேண்டும். இந்த இடத்தில்தான் 1961 நவம்பர் வருகிறது. என்னைக் கேட்டால், லம்போர்கினி வரலாற்றில் 1963ஐவிட முக்கியமான வருடம் அதுதான். அந்த ஆண்டு ஃபெராரி உலகச் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது. பட்டம் வாங்கிய சூடு ஆறுவதற்குள், கம்பெனியின் முக்கிய அதிகாரிகள் ஒரு கூட்டமாக வெளியேறினார்கள். என்ஸோவின் மனைவி லாவுரா நிர்வாகத்தில் தலையிடுகிறார் என்பது அவர்களுடைய புகார்களில் ஒன்று. போனவர்களில் தலைமைப் பொறியாளர் கார்லோ கிட்டி ஒருவர், 250 ஜிடிஓ காரை உருவாக்கிய ஜியோட்டோ பிட்ஸாரினி இன்னொருவர். ஃபெராரியின் தொழில் ரகசியம் முழுவதும் அன்றைக்கு ஃபெராரி தொழிற்சாலை இருந்த மரனெல்லோவின் வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. அந்த அறிவை விலைக்கு வாங்க யாராவது முன்வர வேண்டியதுதான் பாக்கி. ஃபெருச்சியோவின் 12 சிலிண்டர் எஞ்சினை வரைந்தவர் இந்த பிட்ஸாரினிதான். காரை முழுமையாக்கிய ஜான் பாவ்லோ தல்லாராவும் ஃபெராரியில் தொழில் தொடங்கி, மஸெராட்டி வழியாக வந்தவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தொழிற்சாலைக்கு இடம் பார்த்ததும் மொடேனாவுக்கும் பொலோஞ்ஞாவுக்கும் நடுவே, சாந்தாகத்தா பொலொனேஸே என்ற சிற்றூரில். வார்ப்பு, கடைசல், தகடு அடிப்பது என்று எந்த வேலைக்கும் கை தேர்ந்தவர்கள் அந்த வட்டாரத்தில் கிடைத்தார்கள்.

அவமானப்படாதவர்களும் அதே நேரத்தில் இதையே செய்தார்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்பவர்கள் கவனிப்பதில்லை. மிலான் பக்கத்தில் ரென்ஸோ ரிவோல்டா என்றொரு தொழிலதிபர் இருந்தார். குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கி, மோட்டார் சைக்கிள், ‘இஸெட்டா’ என்ற முட்டை வடிவக் குட்டிக் கார் என்று போனவர். 1962இல் அவர் ஓர் ஆடம்பர வேகக் காரைக் கொண்டுவந்தார். அதன் சேஸிஸுக்கு உழைத்தவர் யார் தெரியுமா? அதே பிட்ஸாரினி. மொடேனாவில் அர்ஜென்டினாக்காரரான அலெஹாந்த்ரோ தெ தொமாஸோ 1959இலேயே கடை விரித்துவிட்டார். இத்தாலியின் பொருளாதாரம் துள்ளிக் குதித்த காலம் அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலை உயர்ந்த கார்களுக்கு ஆள் இருந்தது. புதுப் பணக்காரர் ஒருவர் அந்தச் சந்தையில் காலடி வைப்பதற்கு என்ஸோவின் வாய்த்துடுக்கு தேவைப்படவில்லை.

உண்மையாகவே பழிவாங்கப் புறப்பட்டவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கிட்டியும் வேறு சிலரும் சேர்ந்து ‘ஏடிஎஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1961இன் சாம்பியன் ஃபில் ஹில்லையே ஓட்டுநராக இழுத்துக்கொண்டு, 1963இல் நேராக ஃபார்முலா 1 களத்தில் ஃபெராரியை எதிர்த்து நின்றார்கள். படுதோல்வி. சில ஆண்டுகளில் கம்பெனியே இல்லாமல் போயிற்று. என்ஸோவைத் தோற்கடிக்க நினைப்பவன் போக வேண்டிய இடம் பந்தயக் களம்தான், ஏனென்றால் என்ஸோவின் உயிர் இருந்தது அங்கேதான். ஃபெருச்சியோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கம்பெனி பந்தயத்தில் இறங்கக் கூடாது என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார்.

“அப்படியானால், ஃபெராரி எஞ்சினைவிடக் கூடுதலாக வரும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் தனி வெகுமதி என்று பிட்ஸாரினியுடன் ஒப்பந்தம் போட்டாரே, அது போட்டி இல்லையா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. போட்டி மனப்பான்மை இருந்ததை நானும் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். மூன்றரை லிட்டர் எஞ்சின் 1963 மே மாதம் சோதனை மேடையில் ஓடி, 350 குதிரைத்திறனைத் தாண்டியது. குணத்தில் அது அசல் பந்தய எஞ்சின். ரோஷக்காரராக இருந்தால் ஃபெருச்சியோ துள்ளியிருக்க வேண்டும். அவருக்கோ அதிருப்தி. வாடிக்கையாளர் வருடக்கணக்கில் ஓட்ட வேண்டிய காருக்கு இது ஆகாது என்றார். பிட்ஸாரினி விலகினார். தல்லாராவின் கையில் எஞ்சின் அடங்கியது: செலவு பிடித்த பந்தயப் பாணி எண்ணெய் ஓட்டத்தைத் தூக்கிவிட்டு, சாதாரணக் கார்களைப் போல அடியில் எண்ணெய்த் தொட்டி வைத்தார்கள். கார்புரேட்டரை மாற்றினார்கள். திறன் 280 குதிரைக்கு இறங்கியது.

இடையில் 1963 அக்டோபர் டூரின் கண்காட்சிக்கு ஒரு மாதிரிக் காரை அவசர அவசரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஃபிராங்கோ ஸ்கல்யோனே வடிவமைத்த அந்த அழகான பானட்டுக்குள் எஞ்சினை உட்காரவைக்க இடம் பற்றவில்லை. வண்டி சரியான உயரத்தில் நிற்பதற்காக, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் செங்கற்களை அடுக்கிப் பானட்டை மூடிவிட்டார்கள் என்று சொல்வார்கள். மறு ஆண்டு மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வந்த 350 ஜிடிதான் விற்பனைக்கு வந்த முதல் லம்போர்கினி. மிலானின் டூரிங் பட்டறை அதற்கு உடல் கட்டியது. நான்கு கேம்ஷாஃப்ட், ஐந்து கியர், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அன்றைய ஃபெராரி 250 வரிசைச் சாலைக் கார்களில் பின்பக்கம் இன்னும் ஒற்றை முழு ஆக்சில்தான். சத்தம், கிளட்ச், சொகுசுக் குறைவு என்று ஃபெராரியில் ஒரு வாடிக்கையாளர் கண்ட குறைகள் ஒவ்வொன்றுக்கும் இந்தக் காரில் பதில் இருந்தது. குறை கண்டவர் ஒரு தயாரிப்பாளராகவும் இருந்தார் என்பதே விஷயம். முதல் வருடம் 13 கார்கள்தான் போயின. ஆனாலும் தொழில் நிலைத்தது.

லம்போர்கினியின் மியூரா காரைக் காட்டி எதிர்வாதம் செய்பவர்கள் இன்னும் அதிகம். 1966இல் ஜெனீவாவில் வந்த அந்தக் கார், நான்கு லிட்டர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தது. எஞ்சினை நடுவில் வைப்பது அன்றைக்குப் பந்தயக் காரின் அமைப்பு. பெர்த்தோனே பட்டறையின் மார்ச்செல்லோ காந்தினி வரைந்த அதன் உருவத்துக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். அது யாருடைய கனவு என்றால், தல்லாரா, பாவ்லோ ஸ்தன்ஸானி, நியூசிலாந்துக்காரரான சோதனை ஓட்டுநர் பாப் வாலஸ் ஆகிய மூன்று இளைஞர்களுடையது. விளம்பரத்துக்கு உதவும் என்று ஃபெருச்சியோ அனுமதி கொடுத்தார், அவ்வளவுதான். அதைப் பந்தயத்துக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. பந்தய ஆசை தீராத தல்லாரா பின்னர் தெ தொமாஸோவிடம் போய்ச் சேர்ந்தார்.

முடிவிலும் அதே கணக்குதான். பொலிவியாவில் ஆட்சி மாறியதும் அங்கிருந்து வந்திருந்த பெரிய டிராக்டர் ஆர்டர் ரத்தானது. டிராக்டர் தொழில் தள்ளாடியது. அதை ‘ஸாமே’ என்ற இத்தாலிய கம்பெனி வாங்கிக்கொண்டது. கார் கம்பெனியில் பாதிக்குச் சற்று மேலான பங்கை 1972இலும் மீதியை 1974இலும் விற்றுவிட்டு, ஃபெருச்சியோ உம்ப்ரியாவில் திராட்சைத் தோட்டம் போடப் போய்விட்டார். 1993இல் இறக்கும்வரை கார் தொழிலின் முதலாளியாக அவர் திரும்பவில்லை. ஃபெருச்சியோ பங்குகளை விற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1969இல், பணமுடை என்ஸோவுக்கும் வந்தது. பாதிப் பங்கை ஃபியட்டுக்கு விற்றவர், பந்தயப் பிரிவின் அதிகாரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், 1988இல் சாகும்வரை தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.