விமானிக்கு மனம் சோர்ந்தால்

தெல்தோட்டையிலிருந்து வெளிநாடு போகிறவரை வழியனுப்ப வேன் பிடித்துப் போவது இன்றைக்கும் வழக்கம்தான். நடுச்சாமத்தில் கலஹா இறக்கத்தில், "தம்பி, தூக்கம் வருதா? ஒரு பிளேன்டீ குடிப்பமா?" என்று சாரதியிடம் நாலு தரமாவது கேட்டுவிடுவோம். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கவலை போய்விடுகிறது. விமானி படித்தவர், பெரிய சம்பளக்காரர், நெஞ்சுறுதி உள்ளவர். தூக்கமும் துக்கமும் அவரை அண்டாது என்பது நம் எண்ணம்.

நன்றாகவே அண்டுகின்றன. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நாட்டு விமானிகளிடம் பெயர் கேட்காமல் நடத்திய கணிப்பு 2016இல் வெளிவந்தது. மனநிலை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்ன 1,848 பேரில் 233 பேர், அதாவது நூற்றுக்கு 12.6 பேர், மனச்சோர்வு என்று கொள்ளத்தக்க நிலையில் இருந்தார்கள். செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ முந்திய இரண்டு வாரங்களில் எண்ணியதாகச் சொன்னவர்கள் 75 பேர். விரும்பியவர்கள் மட்டும் கலந்துகொண்ட கணிப்பு இது. உலகத்து விமானிகள் எல்லோருக்கும் இதே விகிதம் என்று நீட்டக் கூடாது. பெயர் கேட்காததால்தான் இவ்வளவாவது வெளியே வந்தது என்பதும் உண்மை.

"வருஷா வருஷம் வைத்தியர் சோதித்துத்தானே விடுகிறார்?" சோதிக்கிறார்கள். சர்வதேச விதிப்படி பயணிகள் விமானிக்கு ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை. 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒன்று. கண்ணையும் காதையும் இதயத்தையும் கருவி வைத்து அளக்கலாம். மனதை அறிய அவர் வாயைத்தான் நம்ப வேண்டும். படிவத்தில் மனநலம் பற்றி ஒரு கேள்வி இருக்கும். "ஆம்" என்று அடையாளமிட்டால் உரிமம் நிறுத்தப்படலாம், திரும்பக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம்; பயிற்சிக்கு வாங்கிய கடன் அதுவரை காத்திருக்காது. "இல்லை" என்று அடையாளமிட்டால் நாளைக் காலை வழக்கம்போல வேலை. எதில் பேனா போகும் என்று சொல்லவா வேண்டும்?

2018 மார்ச் 12ஆம் திகதி டாக்காவிலிருந்து வந்த யூ.எஸ்.-பங்ளா விமானம் காத்மண்டுவில் விழுந்து 51 பேர் இறந்தார்கள். தன் திறமையைச் சக பெண் விமானி ஒருவர் குறைத்துப் பேசியதாக அதன் தலைமை விமானி மனம் நொந்திருந்தார். புகைத்துக்கொண்டும், ஒரு கட்டத்தில் அழுதுகொண்டும் ஓட்டினார் என்று நேபாள விசாரணைக் குழு பதிவு செய்தது. மனச்சோர்வு காரணமாக 1993இல் விமானப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, பிறகு தகுதிச் சான்று பெற்றவர் அவர். பிந்திய பரிசோதனைப் படிவங்களில் அந்தப் பழைய கதையே இல்லை.

"மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரை விமானம் ஓட்ட விடவே கூடாது." 2015 மார்ச் 24ஆம் திகதி ஜேர்மன்விங்ஸ் துணை விமானி தன்னையும் சேர்த்து 150 பேரோடு அல்ப்ஸ் மலையில் வேண்டுமென்றே மோதியபின் இந்தப் பேச்சு வலுத்தது. அந்தச் சம்பவத்தின் பாடம் வேறு. அவர் வேலைக்குப் போகக் கூடாது என்று வைத்தியர் சான்று கொடுத்திருந்தார். அதை மறைத்துவிட்டு வேலைக்குப் போனார். உரிமமும் வருமானமும் போய்விடும் என்ற பயத்தைப் பிரெஞ்சு விசாரணை அறிக்கையே சுட்டிக்காட்டியது. தண்டனையைக் கூட்டினால் மறைப்பவர்கள்தான் கூடுவார்கள் என்பது என் கட்சி. அவுஸ்திரேலியா 1987 முதலே, ஆளுக்கேற்ப ஆராய்ந்து, மருந்து எடுப்பவர்களைப் பறக்க அனுமதித்து வருகிறது. அமெரிக்கா 2010இல் நான்கு மருந்துகளுக்கு வழிவிட்டது. ஐரோப்பாவில் சக விமானியிடம் அந்தரங்கமாக மனம்விட்டுக் கதைக்கும் ஏற்பாடு ஒன்றை ஒவ்வொரு விமான நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்பது 2021 பெப்ரவரி முதல் சட்டம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, விழுகிற விமானத்துக்கெல்லாம் விமானியின் மண்டையில் காரணம் தேடுவதும் பிழை. மலையகத்தார் மறக்காத விபத்து 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு நடந்தது. ஹஜ் பயணிகளோடு சுரபாயாவிலிருந்து வந்த மார்ட்டின்எயார் விமானம் நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் மாண்டார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி, இன்னும் மலைகளுக்கு மேலே இருக்கும்போதே விமானிகள் கீழிறங்கிவிட்டார்கள். இருக்குமிடத்தைக் கணிப்பதில் நேர்ந்த பிழை. இதில் மனநோய்க்கு வேலையில்லை.

மங்களூர் விபத்து இன்னொரு வகை. 2010 மே 22ஆம் திகதி விடியற்காலை டுபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் தப்பியவர்கள் எட்டுப் பேர். விமானி அறையின் ஒலிப்பதிவில் தலைமை விமானியின் குறட்டை பதிவாகியிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கி, இறங்கும் நேரத்துக்குச் சற்று முன்தான் விழித்திருக்கிறார். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்குக் கண் திறந்திருந்தாலும் புத்தி தெளியச் சிறிது நேரம் பிடிக்கும். மீண்டும் மேலேறச் சொல்லித் துணை விமானி திரும்பத் திரும்ப எச்சரித்தும் அவர் விமானத்தை இறக்கினார். விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பு படுக்கையைத் தேடுவது எந்தப் பதவிக்காரருக்கும் பொதுவானது.

ஆகவே, "விமானியின் வேலை நேரம் முடிந்துவிட்டது, தாமதமாகும்" என்று அறிவித்தால் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள்; களைத்த விமானியைத் தடுக்கத்தான் அந்த விதி. இந்தியா 2025இல் விமானிகளின் வாராந்த ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையையும் ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதற்குப் போதுமான விமானிகளை இண்டிகோ விமான நிறுவனம் ஏற்பாடு செய்திருக்கவில்லை. 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. விமான நிலையங்களில் பயணிகள் கூச்சலிட்டார்கள். அரசு அந்த நிறுவனத்துக்குத் தற்காலிகமாக விதியைத் தளர்த்திக் கொடுத்தது.