ஒளிவாளின் பொத்தான்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

ஸ்டார் வார்ஸ் படத்தைப் பார்த்துவிட்டுச் சொந்தமாக ஒளிவாள் செய்ய இறங்கும் பிள்ளைகள் முதலில் தேடுவது எல்.இ.டி.யையும் சவுண்ட் போர்டையும்தான். பொத்தானைக் கடைசி வேலையாகத் தள்ளிவைத்து விடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு கைப்பிடி உருப்படுவதும் கெடுவதும் பொத்தானுக்காகப் போடும் அந்த ஒற்றை ஓட்டையில்தான். இதைச் சுற்றி உலவும் பேச்சுகளில் சில வெறும் பிழை, சில கையைச் சுடுபவை.

நம்பிக்கை: படத்திலும் பொத்தானை அழுத்தித்தான் வாளில் ஒளி வந்தது.

உண்மை: இல்லை. 1977-இல் வந்த முதல் படத்துக்காக செட் அலங்காரக் கலைஞர் ரோஜர் கிறிஸ்டியன் ஒரு பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃபிளாஷின் கைப்பிடியை எடுத்து வாளின் பிடியாக்கினார். அதன் சிவப்புப் பொத்தான் புகைப்படக்காரருக்கானது. திரையில் தெரியும் ஒளி பிறகு ஃபிரேம் ஃபிரேமாக வரைந்து சேர்த்தது. எனவே படத்தில் இருந்த இடத்திலேயே பொத்தான் இருந்தாக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். பிடியைக் கையில் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடமே சரியான இடம்.

நம்பிக்கை: சுவிட்ச் எல்லாம் ஒன்றுதான், ஓட்டையில் பொருந்தினால் போதும்.

உண்மை: காலிங் பெல் பொத்தான் அழுத்தும்வரை மட்டுமே வேலை செய்யும். மின்விசிறி சுவிட்ச் போட்டால் போட்டபடி நிற்கும். சவுண்ட் போர்டு வைத்த வாளுக்குப் பெரும்பாலும் வேண்டியது முதல் வகை. ஒரு அழுத்து, நீண்ட அழுத்து, இரட்டை அழுத்து என்று வகை பிரித்து வாளை இயக்குவது போர்டு. பொத்தான் அதற்குச் சைகை மட்டுமே தருகிறது, அதன் வழியே போகும் மின்னோட்டம் மிகக் குறைவு. போர்டே இல்லாமல் பேட்டரி, ரெசிஸ்டர், எல்.இ.டி. என்று எளிமையாகச் செய்தால் இரண்டாம் வகை வேண்டும்; அப்போது முழு மின்னோட்டமும் சுவிட்ச் வழியே போகும். போர்டு வைத்த வாளிலும் பேட்டரியையே துண்டிக்கும் சுவிட்ச் வைத்தால் இதே நிலைதான். போர்டு தனித்தனியாக இயக்கும் பிக்சல் எல்.இ.டி. ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 120 பிக்சல் என்றால் 7 ஆம்பியரைத் தாண்டும். அந்தச் சுமையைச் சிறிய 12 மி.மீ. பொத்தானின் தலையில் ஏற்றக் கூடாது. பொத்தானைச் சுற்றி ஒளிரும் வளையம் உள்ள வகையை வாங்கினால் அது எத்தனை வோல்ட்டுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் வளையம் 3.7 வோல்ட் பேட்டரியில் மங்கலாகவே எரியும், அல்லது எரியவே எரியாது.

நம்பிக்கை: ஓட்டை போடுவது ட்ரில் மெஷின் வேலை, அரை நிமிடம் போதும்.

உண்மை: இங்கேதான் அதிகப் பிடிகள் வீணாகின்றன. அலுமினியக் குழாயின் முகம் வளைந்தது. பிட் வழுக்கி ஓடும். முதலில் சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி குத்த வேண்டும். குழாயை வி-பிளாக்கில் இறுக்கி 3 மி.மீ., 6, 10 என்று படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். ஒரேயடியாக 12 மி.மீ. பிட்டை இறக்கினால் அது உலோகத்தைக் கவ்வி இழுத்து ஓட்டையை முக்கோணமாக்கிவிடும். பதினொன்றரையில் நிறுத்தி, மிச்சத்தை உருண்டை அரத்தால் ராவுங்கள். சுவிட்சைப் போட்டுப் பாருங்கள், எடுங்கள், மறுபடி ராவுங்கள்.

இந்தக் கைப்பழக்கத்தைத் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு வெளியூரில் தேட வேண்டியதில்லை. நாகல் நகர்ப் பக்கத்துப் பூட்டுப் பட்டறைகளில் லீவரைச் சாவியோடு பொருத்திப் பார்த்து அரத்தால் ராவும் வேலை தலைமுறைகளாக நடந்துவருகிறது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு அந்தக் கைவேலையும் ஒரு காரணம். அந்தப் பட்டறைக்காரர் ஒருவரிடம் குழாயைக் கொடுத்து, 'அண்ணே, இந்த வளைவுல சுவிட்ச் தட்டையா உட்காரணும்' என்று சொல்லிப் பாருங்கள். சுவிட்சின் விளிம்பு வளைவில் இரு ஓரங்களை மட்டுமே தொட்டு ஆடும் என்பதை அவர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். ஓட்டையைச் சுற்றி ஒரு சிறு தட்டை முகம் ராவி எடுப்பதுதான் தீர்வு. குழாயின் சுவர் மெலிந்துவிடாத அளவு எது என்பதும் அவர் கைக்குத் தெரியும். இந்த ஊர் இளைஞர்கள் இந்தக் கைகளோடு பழக வேண்டும் என்பது என் ஆசை.

உட்புறத்துப் பிசிறை மறக்காதீர்கள். வெளியே பளபளவென்று இருக்கும் ஓட்டையின் உள்விளிம்பு பிளேடுபோல் இருக்கும். பிடி அசையும்போதெல்லாம் வயர் அதில் உரசி, மேலுறை கிழியும்.

நம்பிக்கை: உலோகப் பிடி என்பதால் ஷாக் அடிக்கும்.

உண்மை: 3.7 வோல்ட் ஷாக் அடிக்காது. பயப்பட வேண்டியது ஷார்ட் சர்க்யூட்டுக்கு. 18650 வகை லித்தியம் செல்லின் உலோக உடல் முழுவதுமே நெகட்டிவ். மேல்முனையில் பாசிட்டிவுக்கும் அந்த உடலுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறை கிழிந்த செல் அலுமினியக் குழாய்க்குள் உருண்டால், பிசிறில் கிழிந்த வயரும் அதே குழாயைத் தொட்டால், செல் நொடிகளில் கொதித்துத் தீப்பிடிக்கக்கூடும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல்லைப் போடாதீர்கள். செல் மீது நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், ஹோல்டர் வாங்குங்கள். நம் சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்து சூடான வாளை உடனே சார்ஜில் போடுவதும் தவறு. 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது.

எல்லாம் பொருத்தி முடித்ததும் செல்லைப் போட அவசரப்பட வேண்டாம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையை ஹோல்டரின் இரு முனைகளிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் பீப் கேட்டாலும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.