கோடியக்கரைக்குக் காரில் போகிறீர்களா? கைகொடுக்கும் குறிப்புகள்

1. மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே வலசைப் பறவைகளைப் பார்க்கத் தோதான காலம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் பயம் உண்டு. சித்திரை பிறந்தால் பெரும்பாலானவை வடக்கே திரும்பிவிடும்.

2. சென்னையிலிருந்து சுமார் 350 கி.மீ. ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். முதல் இரவு சிதம்பரத்தில் தங்கினால், மறுநாள் வெயில் ஏறும் முன்பே பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் படகு ஏறிவிடலாம்.

3. புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஆறவைத்து, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். இரவு வரை தாங்கும். தயிர்சாதத்தைப் பாலில் குழைத்து ஒரே ஒரு கரண்டி தயிர் சேருங்கள். மதியம் திறக்கும்போது பதமாக இருக்கும்.

4. மரக்காணம் உப்பளங்களில் பறவைகளைப் பார்த்தால் சட்டென்று இறங்காதீர்கள். சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை மட்டும் இறக்குங்கள். காரைப் பார்த்துச் சும்மா இருக்கும் உள்ளான்கள், ஆள் இறங்கியதுமே பறந்துவிடும்.

5. பிச்சாவரத்தில் சுரபுன்னையோடு தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான். இதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். படகில் போகும்போது குழந்தைகளை இலை பறிக்க விடாதீர்கள்.

6. எந்தக் கடற்கரையானாலும், இறங்கும் முன் அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பல நேரம் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். இழுத்துவிட்டால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

7. காலில் தார் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவிப் பஞ்சால் துடையுங்கள். ஈர மணலுக்கு டால்கம் பவுடர் போதும்.

8. கோடியக்கரையில் காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வெளிமான்கள் இங்கே புல்வெளியில் மேய்வதைக் காண அதிகாலையே நல்லது. குரங்குகள் உண்டு, தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள்.

பூநாரைகளுக்கு மட்டும் நிதானமாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். மண் நிறம், கரும்பச்சை உடுத்துங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். 8x42 பைனாகுலர் போதும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், கை நடுக்கமும் அதிகம் தெரியாது. அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, சேற்றை அலசி இரையை அரித்தெடுக்கும் விதத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் தலைதூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். படத்துக்காகக் கைதட்டி எழுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் பறவைக்கு ஒவ்வொரு வீண் பறத்தலும் உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கரைக்கும். பறவைக் குரலைச் செல்போனில் ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது.

9. லென்ஸில் மணல் இருக்கும்போது துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

10. வீடு திரும்பிய மறுநாளே காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். உப்புக்காற்று துருவை அங்கேதான் தொடங்கிவைக்கும்.