கையைத் தட்டிவிட்ட பிறகு என்ன நடக்கிறது?

அன்புள்ள தக்கலை வாசகிக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றரை வயது மகன். பாலில் நனைத்த ரஸ்க், ஒரே கம்பெனி பிஸ்கட், தோசையின் மொறுமொறு ஓரம், இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் அவன் தொண்டையில் இறங்குவதில்லை. மயினி பிள்ளைகள் மரச்சீனிக் கிழங்கையும் சாளைக் கறியையும் போட்டி போட்டுத் தின்கிறார்கள். இவன் அந்த மணத்துக்கே ஓக்காளிக்கிறான். மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டார். "செல்லங் குடுத்துக் கெடுத்திட்டா" என்ற பேர் மட்டும் உங்களுக்கு.

மூன்றாம் பக்கத்தில் எழுதி அடித்த ஒரு வரி இருக்கிறது. அடித்திருந்தாலும் படிக்க முடிந்தது. போன மாதம் ஒரு ராத்திரி காலை நீட்டி அவனை மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து ரசஞ்சோறு புகட்டியிருக்கிறீர்கள். நானும் அதைச் செய்தவள்தான். என் மகள் ஏழாம் மாதத்தில் பிறந்தாள். ஐந்து வாரம் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால் போயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு சங்கைக் கண்டாலும் கரண்டியைக் கண்டாலும் முகத்தைத் திருப்பினாள். ஒரு மருத்துவமனையில் இரண்டே நிமிடத்தில், "பசித்தால் தின்பாள், அடத்துக்கு மருந்து கிடையாது" என்று அனுப்பிவிட்டார்கள். அடம் என்ற அந்த ஒரு சொல்லை நம்பி நாங்கள் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தோம். உங்களுக்கு மட்டும் தபாலில் எழுதாமல் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவது அதனால்தான்.

முதலில் உடம்பைப் பாருங்கள். சோற்றை மறுக்கும் பிள்ளைக்குப் பல நேரம் காரணம் உடம்பில்தான் தொடங்கியிருக்கும். வயிற்றுப் புளிப்பு எதுக்களிப்பது, நாள்பட்ட மலச்சிக்கல், ஒவ்வாமை, வீங்கிய டான்சில், மெல்லவும் விழுங்கவும் வாய் பழகாதது என்று எதுவாகவும் இருக்கலாம். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறானா? குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா? நெஞ்சுச் சளி அடிக்கடி கட்டுகிறதா? எடை ஏறாமல் நிற்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் நான் கீழே சொல்வது எதையும் தொடங்க வேண்டாம். அங்கன்வாடி எடை அட்டையை எடுத்துக்கொண்டு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். வளர்ச்சிச் சிக்கல் உள்ள பிள்ளைகளையும் கவனிக்க 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின் தொடக்கநிலைச் சிகிச்சை மையம் பற்றியும் அங்கேயே கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்றே தனித் துறை உண்டு.

சோற்றை மறுக்கும் இந்த நோவுக்கு 'சிறார் உணவூட்டல் கோளாறு' என்று 2019-இல் ஒரு மருத்துவ வல்லுநர் குழு வரையறை எழுதியது. உடல்நலம், சத்து, உண்ணும் திறன், மனமும் குடும்பமும் என்று நாலு பக்கமிருந்தும் பார்க்கச் சொன்னது. அந்த நாலில் அடம் இல்லை.

இனி உங்கள் அடுக்களைக்கு வருகிறேன். நீங்களே எழுதியதுதான்: சோற்றைப் பிசைந்து உருட்டுகிறீர்கள். கை தட்டிலிருந்து கிளம்பும்போதே அவன் உதடு இறுகிவிடுகிறது. தலையைத் திருப்புகிறான். உங்கள் கையைத் தட்டிவிடுகிறான். உருண்டை தரையில் சிதறுகிறது. "பாவம், விடு மக்களே" என்கிறார் மாமியார். தட்டு உள்ளே போகிறது. ஐந்து நிமிடத்தில் பாலும் ரஸ்க்கும் வருகின்றன, கூடவே போனில் கார்ட்டூன்.

இதை அவன் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். தட்டினேன், பயந்த சாமான் மறைந்தது, பிடித்தது வந்தது. நாளைக்கும் தட்டத்தானே செய்வான்? இதில் கள்ளத்தனம் ஒன்றுமில்லை. எது பலிக்கிறது என்று கற்றிருக்கிறான், அவ்வளவுதான். நீங்களும் கற்றிருக்கிறீர்கள். தட்டை எடுத்ததும் அழுகை நிற்கிறது, உங்களுக்கும் மூச்சு வருகிறது. அதனால் அடுத்த நாள் இன்னும் சீக்கிரம் எடுக்கிறீர்கள். அவனை நீங்கள் பழக்க, உங்களை அவன் பழக்க, இரண்டு பேருமே தெரியாமல் மாட்டிக்கொண்டீர்கள்.

நடத்தைப் பகுப்பாய்வு என்கிற துறை இந்த இடத்தைத்தான் உற்றுப் பார்க்கிறது. முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன கிடைத்தது? 1982-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பால்டிமோரில் ஆய்வாளர் பிரையன் இவாட்டாவும் உடனிருந்தவர்களும், தம்மைத் தாமே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம் அந்தப் 'பின்னால்' வருவதை வேண்டுமென்றே மாற்றி மாற்றி வைத்து, எப்போது அடிப்பது கூடுகிறது என்று எண்ணினார்கள். 2003-இல் வெளியான ஆய்வில் கேத்லீன் பியாசா என்ற ஆய்வாளரின் குழுவினர் அதையே சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். கரண்டியைத் தட்டினால் ஒரு சுற்றில் கொஞ்சல் கிடைக்கும், ஒரு சுற்றில் கரண்டி விலகும், ஒரு சுற்றில் விளையாட்டுச் சாமான் வரும். பார்த்தது 15 பிள்ளைகள். தெளிவான விடை கிடைத்த 10 பேரில் 9 பேருக்குக் கரண்டி விலகுவது ஒரு பரிசாக இருந்தது. பலருக்குக் கொஞ்சலும் சேர்ந்தே வேலை செய்தது. அதனால்தான் 'கண்டுக்காம விட்டுரு' என்ற புத்திமதி ஒரு வீட்டில் பலித்து, அடுத்த வீட்டில் தோற்கிறது. தப்பித்துப் போக விரும்பும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

சிகிச்சை இதிலிருந்தே பிறக்கிறது. தப்பிக்கும் வழியை அடைக்காமல் அதற்கான விலையை மாற்றுகிறார்கள். அழுகைக்குக் கிடைத்த விடுதலை, இனி ஒரு சின்னச் செயலுக்குக் கிடைக்க வேண்டும். அந்தச் செயல் எவ்வளவு சின்னது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் மகளுக்கு முதல் மூன்று நாள் வெறும் கரண்டி. உதட்டில் ஒரு நொடி தொடும், "ஆச்சு, மக்கா போய் விளையாடு." பிறகு ரசத்தின் தெளிவில் நனைத்த கரண்டி நுனி. பிறகு ஒரு சோற்றுப் பருக்கை. ஒரு பருக்கை என்றால் ஒரே ஒரு பருக்கைதான். கரண்டியின் நடுவில் அது தனியாக இருந்ததும், அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பதினோராவது வாரம் மசித்த ஏத்தன்பழம் அரைக் கரண்டி போயிற்று. அன்று நான் அழுதேன்.

கரண்டியை விலக்காமல் வாயருகிலேயே வைத்திருக்கும் முறையும் உண்டு. ஆய்வுகளில் அதற்கு நல்ல பலன் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முதல் சில நாள் அழுகையும் ஓக்காளமும் கூடலாம். புரையேறும் ஆபத்தும் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாமல் அதை வீட்டில் செய்யவே கூடாது. தாடையைப் பிடித்துப் புகட்டுவது அந்த முறை அல்ல. அது எந்த முறையும் அல்ல.

பாண்டியன் அறிவுடை நம்பியின் புறநானூற்றுப் பாட்டு, 188-ஆவது, பள்ளியில் படித்திருப்பீர்கள். குறுகுறுவென்று நடந்து வந்து, நெய்ச் சோற்றைத் தொட்டு, கடித்து, துழாவி, உடம்பெல்லாம் சிதறிக்கொள்ளும் பிள்ளை. அதில் ஊட்டுகிற கை கிடையாது. எல்லாம் பிள்ளையின் கைதான். நம் வீடுகளில் சட்டை அழுக்காகுமே என்று முதலில் பிடுங்குவது அந்தக் கையைத்தான். அவன் முன்னால் ஒரு கிண்ணத்தில் மசித்த ஏத்தன்பழம் சும்மா இருக்கட்டும். தின்னச் சொல்ல வேண்டாம். தொடட்டும், மோந்து பார்க்கட்டும், தரையில் அப்பட்டும். புது ருசி பிள்ளைக்குப் பழகப் பத்துத் தடவைக்கு மேல்கூட ஆகும். நாம் பொதுவாக மூன்றாவது தடவையில் கைவிட்டுவிடுகிறோம்.

இந்த ஒரு வாரம் ஊட்டுவதில் எதையும் மாற்றாதீர்கள். ரஸ்க்கையும் நிறுத்த வேண்டாம்; அவன் உயிர் இப்போது அதில்தான் ஓடுகிறது. ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால், அவன் செய்தது, பின்னால். நாளுக்கு மூன்று வேளை, வாரத்துக்கு 21 வரி. 'அடம் பிடித்தான்' என்று எழுதக் கூடாது. 'தலையை இடப்பக்கம் திருப்பினான், இரண்டு தடவை தட்டினான்' என்று எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தை மாமியாரிடம் கேட்டு எழுதுங்கள். ரஸ்க் வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மருத்துவரிடம் போகும்போது எடை அட்டையோடு அந்த நோட்டும் கையில் இருக்கட்டும். அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா