அம்மை எப்போது ஒட்டும்?

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை வார்த்தால் போதும், தாய்மார்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். "எத்தனை நாள் ஒட்டும் டீச்சர்? மூணு தண்ணி ஊத்தினப்புறம் அனுப்பலாமா?" பள்ளியில் உயிரியல் நடத்துபவள் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. பாட்டிமார் வகுத்த கட்டுப்பாடுகளில் பல பெரியம்மை இருந்த காலத்தவை என்பது என் எண்ணம். ஆகவே முதலில் பெரியம்மையைப் பார்ப்போம்.

பெரியம்மை ஒரு வைரஸ் நோய். நோயாளி பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகள் வழியாகவே பெரும்பாலும் பரவியது. அருகில் நெடுநேரம் இருந்தவர்களுக்கே அதிகம் தொற்றியது. கொப்புளத்து நீர் பட்ட துணி, படுக்கை மூலமும் சில சமயம் வந்தது. கொசுவோ ஈயோ மாடோ அதைப் பரப்பவில்லை.

கிருமி உடலில் புகுந்த பின் 7 முதல் 19 நாள் வரை, பெரும்பாலோருக்கு 10 முதல் 14 நாள், ஒன்றும் தெரியாது. கவனியுங்கள்: அந்த நாட்களில் அவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. அடுத்துக் கடும் காய்ச்சலும் முதுகுவலியும் வந்து ஆளைக் கிடத்திவிடும். இரண்டு மூன்று நாளில் வாயிலும் தொண்டையிலும் புண் கண்டு, முகத்திலும் கைகால்களிலும் முத்து போடும். அதிலிருந்து முதல் வாரம்தான் மிக அதிகமாக ஒட்டும் காலம். கடைசிப் பொருக்கு உதிரும்வரை ஆபத்து முற்றிலும் நீங்காது.

இது நம் ஊர்க் கதையும்கூட. 1974-இல் இந்தியாவில் 1,88,000 பேருக்கு மேல் பெரியம்மை கண்டது. பெரும் பாதிப்பு அன்றைய பீகாரில். வேறு மாநிலங்களில் புதிதாகத் தோன்றிய நோயின் தடம் பார்த்தபோது அது பலமுறை டாடாநகருக்கு வந்து நின்றது. இங்கு பிழைக்க வந்தவர்கள் கிருமியோடு ரயிலேறியிருக்கிறார்கள். ரயிலில் நலமாகவே இருந்திருப்பார்கள். சொந்த ஊர் சேர்ந்து, படுத்து, முத்து போட்டபின் கவனித்துக்கொண்ட வீட்டாருக்குத் தொற்றியிருக்கிறது. டாடா நிறுவனமும் மருத்துவர்களையும் வண்டிகளையும் தந்து ஒழிப்புப் பணியில் இறங்கியது.

முத்து தெரிந்த பிறகே பெரிதும் ஒட்டும் என்பதால்தான் இந்த நோயை வேரறுக்க முடிந்தது. ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி வீடு வீடாகத் தேடினார்கள். தகவல் தந்தால் பரிசு, அது 1,000 ரூபாய் வரை உயர்ந்தது. நோய் கண்ட வீட்டுக்குக் காவல் போட்டு, சுற்றியிருந்த எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். கிருமி புகுந்து மூன்று நான்கு நாளுக்குள் குத்தினாலும் தடுப்பாற்றல் முந்திக்கொள்ளும். 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்ட பெண்ணே இந்தியாவின் கடைசி நோயாளி. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களின் கையில் அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

இனி சின்னம்மை. பெயரில் உறவு இருந்தாலும் இது வேறு வைரஸ், கணக்கும் வேறு. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது ஒட்டத் தொடங்கிவிடும். காற்றிலும் எளிதாகப் பரவும். அதனால் முத்து கண்டதும் பிள்ளையைப் பிரித்து வைத்தாலும் கூட விளையாடியவர்களுக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கலாம். 10 முதல் 21 நாள் வரை அவர்களைக் கவனித்து வாருங்கள். நோயுற்ற பிள்ளையைப் பொருக்கு முழுதும் உதிரும்வரை அடைத்து வைக்க வேண்டியதில்லை. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டி, புதிதாக ஒன்றும் வராமலிருந்தால் அனுப்பலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாளில் அது ஆகிவிடும். தண்ணீர் ஊற்றுவது உங்கள் வீட்டு வழக்கப்படி நடக்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுத்தாயிற்றே என்று, கொப்புளம் காயாத பிள்ளையைச் சால்வை போர்த்தி ரயிலேற்றுவது சரியல்ல. அந்தப் பெட்டியில் கர்ப்பிணி ஒருவர் இருக்கலாம், அவருக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் சின்னம்மை ஆபத்தாகக்கூடும். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் புறப்படுங்கள்.