உறைய வைத்த விந்தணுவும் எதிர் ஆக்சிஜனேற்றிகளும்

பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடத்தை நடத்தும்போது, விந்தணுவை உறைய வைத்துச் சேமிப்பதையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. புற்றுநோய்க்கான மருந்தும் கதிர்வீச்சும் ஓர் இளைஞரின் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடக்கூடும். சிகிச்சைக்கு முன் சேமித்த சில குப்பிகளே பின்னாளில் அவர் தந்தையாக வழியாகலாம். இதைச் சொன்னதும் வகுப்பில் கூச்சச் சிரிப்பு அடங்கி, கேள்வி எழுகிறது: “குளிரில் எதுவும் கெடாதே சார், விந்தணு மட்டும் ஏன் சாகிறது?”

விடையை மூன்று படிகளில் விளக்குகிறேன்.

1. பனிக்கட்டி: திரவ நைட்ரஜனின் −196° செல்சியஸில் வேதிவினைகள் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. ஆபத்து, உறையும்போதும் உருகும்போதும்தான். வெளியே நீர் உறைய உறைய, மீதி நீரில் உப்பின் செறிவு கூடுகிறது; செல் நீரிழந்து சுருங்குகிறது. கிளிசரால் இதைத் தணிக்கும் என்பதை இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகியோர் 1949இல் சேவலின் விந்தணுவைக் கொண்டு காட்டினர்.

2. ஆக்சிஜன்: உறைதலும் உருகுதலும் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிப்பதால், வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. விந்தணுவின் செல்சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதிகம். நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை வருவதுபோல் இவையும் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. நீந்தும் திறன் குறைகிறது, டி.என்.ஏ. இழைகளும் முறிகின்றன. சைட்டோபிளாசம் மிகக் குறைவு என்பதால், காக்கும் நொதிகளும் விந்தணுவில் சொற்பமே.

3. காப்பு: எனவே, உறைய வைக்கும் கரைசலில் வைட்டமின் ஈ, குளுட்டாதயோன் போன்ற எதிர் ஆக்சிஜனேற்றிகளைச் சேர்த்துப் பார்க்கின்றனர். வைட்டமின் ஈ சவ்விலேயே அமர்ந்து தொடர்வினையை அறுக்கிறது. உருகிய பின் கூடுதல் விந்தணுக்கள் நீந்தியதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், ஆய்வகத்தில் நீந்துவது வேறு, குழந்தை பிறப்பது வேறு. எல்லோரும் ஏற்ற ஒரே அளவும் இன்னும் வகுக்கப்படவில்லை. கருவுறுதலுக்குத் தயாராக, விந்தணுவுக்கே அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் சிறிதளவு தேவை. அளவுக்கு மீறிச் சேர்த்தால் காப்பே கேடாகும்.

இந்தக் கடைசிக் கருத்தைத்தான் நான் அழுத்திச் சொல்கிறேன். ‘எதிர் ஆக்சிஜனேற்றி நிறைந்தது’ என்ற விளம்பரத்தைத் தினமும் பார்க்கும் மாணவர், “எவ்வளவு? எதற்கு? எந்தச் சான்றின்படி?” என்று கேட்கப் பழக வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கும் ஏற்ற செயல்பாடு ஒன்று. நறுக்கிய கத்தரிக்காய்த் துண்டுகளை மூன்று தட்டுகளில் வையுங்கள்: ஒன்று அப்படியே, ஒன்று நீரில், ஒன்று எலுமிச்சைச் சாறு தடவி. அரை மணி நேரம் கழித்து நிறத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். கத்தரிக்காயைக் கறுக்கவைப்பது ஒரு நொதி. விந்தணுவில் நடப்பது கொழுப்பின் சிதைவு. இரண்டிலும் ஆக்சிஜனுக்குப் பங்குண்டு. ஆனால், இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உயர்நிலை மாணவர்களையே எழுதச் சொன்னால், பாடம் எவ்வளவு பதிந்தது என்பது தெரிந்துவிடும்.