ஆளை விடு, படிக்கட்டைப் பார்

அன்புள்ள பேத்திக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. “ரூம்மேட்டா யாரை எடுத்துக்கிட்டா நல்லது தாத்தா?” என்று கேட்டுவிட்டு, உன்னோடு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டில் சேரப்போகும் பெண்கள் இன்ஸ்டாகிராமில் எழுதியிருந்த அறிமுகங்களைக் காட்டினாய். பிடித்த பாட்டு, பிடித்த தொடர், இரவில் எத்தனை மணி வரை விழித்திருப்பாள், நாய்க்குட்டியோடு ஒரு படம். அவர்களில் இரண்டு பேரைக் குறித்தும் வைத்திருந்தாய். உன் அம்மாவிடம் வேறொரு பட்டியல் இருக்கிறது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் திரட்டியது. நம் பக்கத்திலிருந்து அதே பல்கலைக்கழகத்துக்குப் போகிற பெண்களின் பெயர்கள், சைவமா அசைவமா என்ற குறிப்போடு. இரண்டு பட்டியலையும் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாழ்நாள் முழுக்க உளவியல் பாடம் நடத்தியிருக்கிறேன். யாரோடு யார் நெருங்குகிறார்கள் என்பது அந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீங்கள் இருவரும் ஆளைத் தேடுகிறீர்கள். நான் கட்டடத்தைப் பார் என்கிறேன். படிக்கட்டு எந்தப் பக்கம் இருக்கிறது, குளியலறை எத்தனை பேருக்குப் பொது, துணி துவைக்கும் இடத்துக்கு யாருடைய வாசலைக் கடந்து போக வேண்டும், உட்கார்ந்து பேச ஓர் இடம் உண்டா? அடுத்த நான்கு ஆண்டுகளில் உனக்கு வாய்க்கும் நட்புகளில் பெரும்பங்கை இவைதான் தீர்மானிக்கும்.

வெறும் அனுமானமாக இதைச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து படைவீரர்கள் கல்லூரிகளுக்குத் திரும்பியபோது, மணமான மாணவர்கள் குடும்பத்தோடு தங்க அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனம் வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பை அமைத்தது. அங்கே லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், குர்ட் பேக் என்ற மூன்று ஆய்வாளர்கள், யார் யாரோடு பழகுகிறார்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டறிந்து, 1950இல் நூலாக வெளியிட்டார்கள். குடியிருப்பின் ஒரு பகுதியில் இரண்டு தளங்கள் கொண்ட கட்டடங்கள் 17. ஒவ்வொன்றிலும் கீழே ஐந்து வீடு, மேலே ஐந்து வீடு. காத்திருப்போர் வரிசைப்படி வீடு கொடுத்ததால் அண்டைவீட்டார் யார் என்பது எவர் கையிலும் இல்லை. ஆய்வுக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

ஒரே தளத்தில் அடுத்தடுத்த வாசலில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் நெருக்கமாகப் பழகுபவர் என்று சொன்னது ஏறத்தாழ 41 சதவீதம். நடுவில் ஒரு வீடு வந்துவிட்டால் அது 22 சதவீதம். தளத்தின் இரு கோடிகளில் இருந்தவர்களிடையே 10 சதவீதம். அந்த இரு கோடிகளுக்கு நடுவே இருந்த தூரம் நூறடிகூட இல்லை! ஒரே படிப்பு, ஒரே வயது, ஒரே போர் அனுபவம். நட்பு மட்டும் சில அடிகளில் தேய்ந்துவிட்டது. இதைவிட என்னை ஈர்த்தது படிக்கட்டுக் கணக்கு. மாடிக்குப் போகும் படிகள் கீழ்த்தளத்தின் இரு ஓர வீடுகளை ஒட்டி ஏறின. அந்த ஓர வீட்டுக்காரர்களுக்கு மாடியில் நண்பர்கள் அதிகம். நடுவீட்டுக்காரர்களுக்கு அப்படி இல்லை. இன்னொரு பகுதியில் வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி இருந்தன. அங்கே வாசலைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டிய சில வீட்டுக்காரர்களுக்கு மற்றவர்களைவிட நண்பர்கள் மிகக் குறைவு. அவர்களுடைய குணத்தில் குறையில்லை. கதவு திரும்பியிருந்த திசைதான் காரணம்.

உன் அம்மா இதைப் படித்தால், “அப்போ குணத்துக்கு மதிப்பே இல்லையாப்பா?” என்பாள். உண்டு, ஆனால் அதன் முறை பிறகு வருகிறது. முதலில் இருவரும் எதேச்சையாகப் பலமுறை எதிர்ப்பட வேண்டும். தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஒரு தலையசைப்பு, மறுநாள் ஒரு சொல், மூன்றாம் நாள் நின்று பேச்சு. எதிர்ப்படவே வாய்ப்பில்லாத இருவரின் குணம் எவ்வளவு பொருந்தினாலும் பயன் என்ன?

அதற்காக ஆள் நடமாட்டம் அதிகமுள்ள விடுதியைத் தேடிப் போய்விடாதே. ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்ற இருவர் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக விடுதிகளை ஆராய்ந்து 1977இல் எழுதியதை நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒரு வகை விடுதியில் நீண்ட நடைவழியின் இருபுறமும் இருவர் அறைகள். 34 பேருக்கு ஒரு குளியலறை, ஒரு பொதுக்கூடம். இன்னொரு வகை சூட்: இரண்டு மூன்று அறைகள் சேர்ந்து நான்கு முதல் ஆறு பேருக்குச் சொந்தமாகக் கூடமும் குளியலறையும். தலைக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் நீண்ட நடைவழியில் இருந்தவர்கள் நெரிசல் என்று புலம்பினார்கள், அக்கம்பக்கத்தாரைத் தவிர்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒருவரோடு காத்திருக்கச் சொன்னபோதுகூடத் தள்ளி உட்கார்ந்தார்கள், முகம் பார்க்கவில்லை. பல் துலக்கப் போனாலும் முப்பது பேரில் யாரைப் பார்ப்போம், யாரோடு பேசியாக வேண்டும் என்பது தன் வசத்தில் இல்லாதபோது மனம் கதவைச் சாத்திக்கொள்கிறது. பிறகு பாமும் வேறொருவரும் ஒரு கல்லூரியில் நீண்ட நடைவழியின் நடுவிலிருந்த அறைகளைப் பொதுக்கூடமாக்கிக் கதவு போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். அங்கிருந்த மாணவர்களின் மனநிலையே மாறிவிட்டது. ஆட்களை மாற்றவில்லை, கதவைத்தான் வைத்தார்கள்.

இந்த இடத்தில் கணிதமேதை இராமானுசனைப் பற்றிச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. கேம்பிரிட்ஜின் பழைய கல்லூரிகளில் அமெரிக்க விடுதிபோல நீண்ட நடைவழி கிடையாது. முற்றத்தைச் சுற்றிப் பல படிக்கட்டுகள், ஒவ்வொரு படிக்கட்டிலும் சில அறைகள். அறையின் முகவரியே படிக்கட்டின் எழுத்தில்தான் தொடங்கும். 1914 ஏப்ரலில் போய்ச் சேர்ந்த இராமானுசன் முதலில் நெவில் தம்பதியின் வீட்டில் தங்கினார். அன்பான வீடு, ஆனால் கல்லூரியிலிருந்து தள்ளி இருந்தது. சில வாரங்களிலேயே டிரினிட்டி கல்லூரியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட்டுக்கு மாறினார், அவரோடு சேர்ந்து ஆராய்ந்த கணித அறிஞர் ஹார்டியின் அறைக்கு எளிதில் நடந்து போகலாம் என்பதற்காக. வேலைக்கு அந்த அருகாமை போதுமானதாக இருந்தது, மற்றதற்குப் போதவில்லை. அவர் உணவுக்கூடத்துக்குப் போகாமல் அறையிலேயே தனியே சமைத்துச் சாப்பிட்டார். கல்லூரி முழுவதும் ஒன்றாக உட்காரும் நேரம் அவருக்கு இல்லாமல் போயிற்று. எஸ். ஆர். அரங்கநாதன் 1967இல் வெளியிட்ட இராமானுசன் வரலாற்றில், அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. குளிரில் தூங்க முடியவில்லை, மேலங்கியையும் சால்வையையும் போட்டுக்கொண்டு படுக்கிறேன் என்றாராம் இராமானுசன். மகலனோபிஸ் உள்ளே போய்ப் பார்த்தால் கம்பளிகள் மெத்தையோடு இறுகச் செருகியபடியே இருக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்று இராமானுசனுக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் கனத்துவிடும். இராமானுசன் தனிமைப்பட்டதற்குப் போர், நோய் என்று வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அறைக்குள் எட்டிப் பார்க்க ஒரு பக்கத்து அறைக்காரன் இருந்திருந்தால் அந்தக் குளிர் முதல் இரவோடு போயிருக்கும்.

சரி, அறைத்தோழியால் ஒன்றுமே இல்லையா? உண்டு, நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. டார்ட்மத் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அறைத்தோழரைக் குலுக்கல் போல ஒதுக்கினார்கள். அதை வைத்து புரூஸ் சாசர்டோட் என்ற பொருளாதார அறிஞர் 2001இல் ஒரு கட்டுரை எழுதினார். அறைத்தோழரால் மதிப்பெண்ணில் ஒரு சிறு தாக்கம் இருந்தது. எந்த மாணவர் சங்கத்தில் சேர்வது என்பதிலும் தாக்கம் இருந்தது. எந்தப் பாடத்தை எடுப்பது என்பதில் இல்லை. மைக்கேல் கிரெமரும் டான் லெவியும் வேறொரு பல்கலைக்கழகத்தில் பார்த்தது கொஞ்சம் கவலைக்குரியது: கல்லூரிக்கு வருமுன்பே குடிப்பழக்கம் உள்ளவனோடு அறையைப் பகிர்ந்த பையன்களின் மதிப்பெண் குறைந்தது. பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. உன் அம்மாவுக்கு இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டு.

அவள் பட்டியலைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத நாட்டுக்கு மகளை அனுப்பும் தாயின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் முதலாண்டு விடுதியில் யாரும் அறையில் சமைப்பதில்லை. அடுப்புக்குப் பெரும்பாலும் தடை. சாப்பாடு டைனிங் ஹாலில், அங்கே சைவ உணவும் கிடைக்கும். பிறகு அறைத்தோழி எதைத் தின்றால் உனக்கென்ன? உணவைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்டறியும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதை மூட்டை கட்டிக் கடல் தாண்டி அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடாலி ஷூக்கும் ரஸ்ஸல் ஃபாசியோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வைப் பார். தற்செயலாகக் கறுப்பின அறைத்தோழரோடு சேர்ந்த வெள்ளையின மாணவர்கள், வெள்ளையரோடு சேர்ந்தவர்களைவிட அறை வாழ்க்கையில் குறைவாகவே மகிழ்ந்தார்கள். ஆனாலும் பருவத்தின் முடிவில் அவர்கள் மனத்தில் தாமறியாமல் படிந்திருந்த வெறுப்பு குறைந்திருந்தது. சுகமாக இருந்ததா என்பதும் நல்லது நடந்ததா என்பதும் வேறு வேறு. டியூக் பல்கலைக்கழகம் 2018 முதல் முதலாண்டு மாணவர்கள் தங்கள் அறைத்தோழரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பணமும் பின்னணியும் ஒத்தவர்கள் வருமுன்பே சமூக ஊடகத்தில் தேடிச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். உன் பட்டியலும் அந்த வகைதான், கண்ணு. நான்கு வரி அறிமுகமும் வடிகட்டிய படமும் பார்த்து எடுத்த முடிவில் அம்மாவுடையதைவிடக் கூடுதல் அறிவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே விடுதிப் படிவத்தில் ‘அறைத்தோழியின் பெயர்’ என்ற கட்டத்தை வெறுமையாக விடு. மற்றக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்: எப்போது தூங்குவாய், அறை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும், விருந்தாளிகள் வரலாமா, பாட்டுப் போட்டுக்கொண்டு படிப்பாயா. சுருக்கமான கேள்விகள் என்று அலட்சியம் செய்யாதே, அறைச் சண்டைகள் எழுவது இவற்றில்தான். நீ பிளஸ் டூ முழுக்க இரவு ஒரு மணிக்கு முன் படுத்ததில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காகப் பத்து மணி என்று எழுதினால், பத்து மணிக்கு விளக்கணைக்கும் ஒரு பெண்ணை உன்னோடு போடுவார்கள். அவளுக்குச் செய்யும் அநியாயம் அது.

கட்டடத்துக்கு வருகிறேன். முதலாண்டு மாணவர்களே நிறைந்த கட்டடமாகப் பார். தனி அறை வேண்டாம், காசு இருந்தாலும் வேண்டாம். சமையலறையோடு கூடிய குடியிருப்பு மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம். பொதுக்கூடம் அந்தத் தளத்திலேயே இருக்க வேண்டும், நடைவழி குட்டையாக இருக்க வேண்டும், அறை படிக்கட்டுக்குப் பக்கமாக வாய்த்தால் சத்தம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லாதே. பழைய கட்டடங்கள் பலவற்றில் ஏசி இருக்காது. நீ போய்ச் சேரும் ஆகஸ்டில் மேல்தளம் தகிக்கும், ஒரு மின்விசிறியை அங்கேயே வாங்கிக்கொள். மூவர் அறை வாடகை குறைவு. ஆனால் இருவருக்குக் கட்டிய அறையில் மூன்றாவது கட்டிலைச் செருகியதா, மூவருக்கே கட்டியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்.

போனதும் முதல் வாரத்தில் ஆர்.ஏ. எனப்படும் மூத்த மாணவி, அறைத்தோழிகளுக்குள் ஓர் ஒப்பந்தத் தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வாள். எல்லோரும் “எனக்கு எதுவும் பரவாயில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நீ அப்படிச் செய்யாதே. உனக்கு எது பரவாயில்லை, எது ஆகாது என்று அன்றே சொல். நம் பிள்ளைகள் மரியாதை கருதி மூன்று மாதம் பொறுத்துக்கொண்டு, நான்காவது மாதம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போன் செய்கிறார்கள். அறைக் கதவைப் பகலில் திறந்துவை. இரவுச் சாப்பாட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு அறைக்கு வராதே, அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடு, தெரிந்த முகம் இல்லாவிட்டாலும்.

ஒரு காரியம் மட்டும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். டிசம்பரில் பருவம் முடிந்ததும் பல விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். நீ எங்கே போவாய்? நவம்பரில் நன்றி நவிலும் நாள் விடுமுறைக்கும் சில இடங்களில் இதே கதை. விடுமுறையிலும் திறந்திருக்கும் கட்டடங்கள் எவை, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று விடுதி அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பு. பதில் வந்ததும் எனக்குச் சொல்.

அன்புடன்,
தாத்தா